நிறத்துக்கு ஒரு கார்

ராஜபாளையத்தில் ராக்கப்பன் வீட்டு வாசலில் நின்ற புது வெள்ளைக் கார், 2019 ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை கறுக்கத் தொடங்கி, அடுத்த வெள்ளிக்குள் அந்த வீட்டு மருமகள் நாகஜோதியின் நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது. அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிலோ இருநூற்றெண்பது. மாம்பழம் வரத்துக் குறைவு. மழை இல்லை. அந்தக் கறுப்பு, பின்பக்க நம்பர் பிளேட்டுக்கு அடியில் ஒரு கை அகலத்துக்குத் தொடங்கி, டிக்கி, கூரை, பானெட் என்று நிதானமாக நடந்து, கடைசியில் பக்கவாட்டுக் கண்ணாடிகளின் முதுகையும் பிடித்தது. டயரையும் சீட்டையும் தொடவில்லை. வெள்ளை பெயிண்ட் இருந்த இடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை.

அந்தக் கார் வந்த கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வன்னியம்பட்டி ஆவுடையப்பன் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஒரே மகள் நாகஜோதி, எம்.எஸ்ஸி. கணக்கு படித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவளைப் பெண் பார்க்க ராக்கப்பன் குடும்பம் வந்தது. மாப்பிள்ளை வேல்பாண்டி போலீஸ். ராக்கப்பனும் போலீஸாக இருந்தவர்தான், ஓய்வுக்குப் பிறகு ராஜபாளையம் நாய் வளர்த்து விற்றார். குட்டி பால் வெள்ளையாகவும் மூக்கு ரோஸாகவும் இருந்தால் அவர் சொன்னதுதான் விலை. உடம்பில் ஒரு புள்ளி விழுந்த குட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது. அதற்காக அவர் பத்துப் பைசா குறைத்ததில்லை. அப்படிப்பட்டவரின் மனைவி சண்முகத்தாய், காபி கொண்டுவந்த நாகஜோதியின் கையைப் பிடித்து, அதன் பக்கத்தில் தன் கையை நீட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை லட்சணமாத்தான் இருக்கா. நெறந்தான் செத்த மட்டு" என்று சொன்னதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அந்த 'செத்த மட்டு'க்குத்தான் கார். நாற்பது பவுன் பேசி முடித்த பிறகு, நிறத்துக்கு என்று தனியாக ஒரு கார்.

அதுவும் வெள்ளைக் கார். ஷோரூமில் விற்பனைப் பையன் வரிசையாகச் சொன்னான். சிவப்பு சின்னப் பசங்க கலர், கறுப்பில் தூசி தெரியும், சாம்பல் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் ஆனால் யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள், சாதா வெள்ளை எடுத்தால் டாக்ஸி என்று கை காட்டி நிறுத்துவார்கள், முத்து வெள்ளைதான் கௌரவம், பதினைந்தாயிரம் கூட, ஆனால் விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். ராக்கப்பனுக்கு இதை இரண்டாம் தடவை சொல்லத் தேவைப்படவில்லை. நாய்க் கணக்குதான். "சம்பந்தி, கூடக் கெடந்தாலும் அந்த வெள்ளையே போட்டுருங்க. நம்ம பிள்ளை எறங்கும்போது எடுப்பா இருக்கும்லா" என்றார். கருநீலம் நன்றாக இருக்கிறது என்று நாகஜோதி சொன்னது ஏசி சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆவுடையப்பன் வத்திராயிருப்பில் இருந்த மாந்தோப்பை விற்றார். பெண் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தார், பாவம்.

வைகாசியில் கல்யாணம். மண்டபத்து வாசலில் மாலை போட்டு நின்ற காரோடு போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் மணமேடைக்கு வந்தவர்களை விட அதிகம். ஆனியில் ஆல்பம் வந்தது. போட்டோக்காரர் தன் தொழிலுக்குத் துரோகம் செய்யாதவர். நாகஜோதியின் முகம், கழுத்து, கை, கால் விரல்வரை கம்ப்யூட்டரில் வெளுத்து, பக்கத்தில் நிற்கும் காரோடு ஒன்றாக்கிக் கொடுத்திருந்தார். காரைத் தொடவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. சண்முகத்தாய்க்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதில் ஒன்றை மூன்றடிக்குப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார். "இது யாரு அத்தை?" என்று நாகஜோதி கேட்டாள். "ஏட்டி, ஒன்னையத்தான் அழகாக்கி வச்சிருக்கான். இதுக்குமா மூஞ்சியத் தூக்குவ?" என்றார் சண்முகத்தாய். படம் மாட்டியது வியாழக்கிழமை. மறுநாள் காலை கார் கறுக்கத் தொடங்கியது. இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஒருத்தியின் உடம்பிலிருந்து அவ்வளவு நிறத்தை எடுத்தால் அது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்.

முதலில் மில் புகை என்றார்கள். பிறகு கண்ணுபட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்தார்கள். ஷாம்பு போட்டு மூன்று முறை கழுவினார்கள். கடைசியில் பெயிண்டர் எட்வினின் பட்டறையில் விட்டார்கள். எட்வின் முப்பது வருடமாகக் கார்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவர். தேய்த்து, தகரம் தெரிய உரித்து, புதிதாக வெள்ளை அடித்து, பளபளவென்று அனுப்பி வைத்தார். ராக்கப்பன் வீட்டு வாசலில் அது ஒரு ராத்திரி நின்றது, விடியும்போது பழைய கறுப்பு. இரண்டாம் முறையும் அடித்தார், இரண்டாம் முறையும் அதே. மனிதர் மானஸ்தர். கூலி வாங்க மனமில்லாமல், வெள்ளை நிற்காவிட்டால் இந்த நிறத்தையே சரியாகப் பொருத்தி, விட்டுப்போன மூலைகளையாவது சரிசெய்வோம் என்று, விசிறி மாதிரி விரிகிற கலர் அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். வெயிலில் நின்று ஒவ்வொரு அட்டையாகக் கதவில் வைத்துப் பார்த்தார். இருநூறுக்கு மேல் பார்த்தும் ஒன்றும் பொருந்தவில்லை. அந்த நேரத்தில் நாகஜோதி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எட்வின் செம்பைப் பார்த்தார், செம்பைப் பிடித்த கையைப் பார்த்தார், பின்னால் இருந்த கதவைப் பார்த்தார். நல்ல மனிதர். தண்ணீரைக் குடித்துவிட்டு அட்டையை மடக்கிக்கொண்டார். ஆனால் ஜன்னலில் நின்ற சண்முகத்தாயும் அதைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் காரைத் திட்டினார்களா, மருமகளைத் திட்டினார்களா என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. 'கருவாயன் கலரு', 'வாசல்ல நிக்கவே அசிங்கமா இருக்கு', 'எவன் தலையில கட்டுறது இத' என்று காலை முதல் பொதுவாகப் பேசினார்கள். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் நிறுத்தச் சொன்ன அதே வாட்ச்மேன், இப்போது கையைக் காட்டிக் கொல்லைப்பக்கம் அனுப்பினான். வேல்பாண்டி காரை விட்டுவிட்டுப் பழையபடி பைக்கில் போனான். காரோடு சேர்ந்து பெண்டாட்டியையும் எங்கும் கூட்டிப் போவதை நிறுத்தினான். கார் புரோக்கர் ராம்கி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி தங்கம்ணே. ஆனா இந்தக் கலருக்கு ரெண்டு லட்சம் கொறைச்சாத்தான் ஆளு வருவான்" என்றான். அன்று ராத்திரி ராக்கப்பன் சாப்பிடவில்லை. மறுநாள் ஆடி முதல் தேதி. புதுப் பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது வழக்கம், ஒரு மாதத்தில் அழைத்துக்கொள்வதும் வழக்கம். "காரையும் கொண்டு போ தாயி. ஒங்கப்பாவ வெள்ளையாக்கித் தரச் சொல்லு. பொறவு ரெண்டையும் சேத்துக் கூப்பிட்டுக்கிடுதோம்" என்றார் ராக்கப்பன். வேல்பாண்டி ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. நாகஜோதி தானே ஓட்டிக்கொண்டு போனாள். வெக்கைக்குக் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே வைத்திருந்தாள். வழியில் பார்த்தவர்களுக்குக் கை எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஆவணி வந்தது, அழைப்பு வரவில்லை. தீபாவளியும் வந்து போனது. ஆவுடையப்பன் தினமும் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகக் காரைத் தேய்த்தார். பட்டாளத்து லாரியை அதிகாரி பார்வைக்கு நிறுத்துகிறவர் மாதிரி தேய்த்தார். ஒருநாள் நாகஜோதி வந்து துணியைப் பிடுங்கினாள். "எப்பா, போதும். கடலமாவு, பாலாடை, கஸ்தூரி மஞ்சள்னு இருவத்தஞ்சு வருசமா என்னையத் தேச்சீங்க. போச்சா? தேச்சாப் போற நெறமாப்பா இது?" என்றாள். அவர் வாளியை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அழுதிருப்பார். அன்று முதல் காரை யாரும் தேய்க்கவில்லை. நாகஜோதி அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஒருநாள் போலீஸ் சோதனையில் மறித்தார்கள், ஆர்.சி. புக்கில் வெள்ளை என்று இருந்தது. அவள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் நிறத்தை மாற்றி எழுத மனுக் கொடுத்தாள். அங்கிருந்த அதிகாரி கறுப்பு என்று எழுத மனசில்லாமல், பிரவுன் என்றும் எழுத முடியாமல், யோசித்து யோசித்துக் கடைசியில் 'மற்றவை' என்று எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விவாகரத்து வழக்கு இரண்டரை வருடம் நடந்தது. மனுவில் ராக்கப்பன் தரப்பு ஆயிரம் காரணம் சொன்னது. நிறம் என்ற வார்த்தை மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

விவாகரத்து கிடைத்த வருடம், குற்றாலத்துக்குப் போகிற வழியில் டீ குடிக்க இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாசலில் நின்ற அந்தக் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். இந்தக் கலர் எங்கே அடித்தது என்று கேட்டார். "ராஜபாளையத்துல, ஒரு வீட்ல" என்றாள் நாகஜோதி. அவர் ஏதோ கார் கம்பெனிக்காரர். அடுத்த தைக்கு அதே நிறத்தில் புதுக் கார் வந்தது. 'மிட்நைட் கோகோ' என்று பெயர், இருபத்திரண்டாயிரம் கூட, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வெள்ளைக் காரெல்லாம் டாக்ஸி என்று ஒரே வருடத்தில் ஊர் சொல்லத் தொடங்கியது. மண்டப வாட்ச்மேன் கோகோ காரைக் கண்டால் முன்வரிசைக்கு ஓடினான். அடேயப்பா, கலர்னா இதுல்லா கலரு என்று ராம்கி சொன்னபோது ராக்கப்பனுக்கு மூக்கில் வேர்த்தது. சண்முகத்தாயும் அவரும் இரண்டு கிலோ பால்கோவாவோடு வன்னியம்பட்டிக்கு வந்து, சீராகக் கொடுத்த பொருள் தங்களுடையது என்றும், கார் வேல்பாண்டிக்கென்று வாங்கியதுதானே என்றும் நயமாகப் பேசினார்கள். மருமகளைப் பற்றிக் கேட்கவில்லை. நாகஜோதி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கொண்டு போங்க. அது ஒங்களுக்காக வந்த நெறம் இல்ல, நிக்காது" என்றாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கார் ராஜபாளையத்துக்குள் நுழையும்போது வெளுத்திருந்தது. முத்து வெள்ளைகூட இல்லை, சாதா வெள்ளை. வீட்டுக்குள் போனால், ஹாலில் காருக்காகக் கழற்றாமல் விட்டிருந்த மூன்றடிப் படத்தில் நாகஜோதி தன் சொந்த நிறத்தில் நின்றுகொண்டிருந்தாள். படத்தை அவர்கள் கழற்றிப் பரணில் போட்டார்கள். காரை ஒரு டாக்ஸிக்காரர் வாங்கினார், அவர் தந்த விலைக்கு.

போன ஐப்பசியில் சோழபுரத்திலிருந்து ஒரு குடும்பம் நாகஜோதியைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளைக்கும் இரண்டாம் கல்யாணம்தான், ராணுவத்தில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா வெங்கடேஸ்வரி காபியைக் குடித்து முடித்து, "பிள்ளைக்கு நெறம் செத்த மட்டுதான். அதனால என்ன, நாங்க பெருசா எடுத்துக்கிட மாட்டோம். காரு மட்டும் அந்த கோகோ கலர்ல போட்டுருங்க, அவன் ஆசப்படுதான்" என்றார். விற்க இன்னொரு தோப்பு இல்லாத ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். நாகஜோதி தன் கையை வெங்கடேஸ்வரியின் மூக்குக்கு நேராக நீட்டி, "இந்தக் கலரா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கையை வெளிச்சத்தில் திருப்பி நன்றாகப் பார்த்தார். "இதேதான் தாயி. அச்சு அசல் இதேதான். என்ன அழகான கலரு!" என்றார். மனசார, ஒரு கள்ளமும் இல்லாமல்தான் சொன்னார். "காருக்கு இருவத்திரண்டாயிரம் கூடத் தாரீக. எனக்கு யாரு தாரா?" என்றாள் நாகஜோதி. பெண் கெட்டிக்காரி, நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தகவல் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். தகவல் இன்னும் வரவில்லை. அந்த மாதம் கம்பெனி அந்தக் கலருக்கு மேலும் மூவாயிரம் ஏற்றியது.