இரண்டாம் வரியின் கழித்தல் குறி

அக்காவின் மேசையில் கிடந்த தாளை நான் வேண்டுமென்றே படிக்கவில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் சொல்லிவிடுகிறேன். அக்கா என்றால் உறவு அல்ல. ஆய்வறையில் எனக்கு ஆறு ஆண்டுகள் மூத்தவர். ஸ்டேப்ளர் எடுக்கப் போனேன், கண்ணில் பட்டுவிட்டது.

பொருள்களின் இயக்கத்தை இடம், உந்தம் என்று இரண்டிரண்டு மாறிகளாக எழுதுவதே வழக்கம். மும்மூன்றாக எழுதும் முறையும் முன்பே உண்டு. ஒன்றோடொன்று பிணைந்த பம்பரங்களுக்கு அம்முறையை விரிப்பதுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம். அதில் ஒரு தவறு செய்திருந்தேன். வழக்கமான முறையில் சமன்பாடுகளின் இரண்டாம் வரிக்குக் கழித்தல் குறி உண்டு. மும்மூன்றில் மாறிகளைச் சுழல்வரிசையில் எழுதினால் கிடையாது. நான் போட்டுவிட்டேன். கணினியில் பம்பரம் தானாகவே வேகம் பிடித்த பிறகுதான் விழித்துக்கொண்டேன்.

அக்காவின் தாளிலும் அதே பம்பரங்கள், அதே இரண்டாம் வரி, அதே குறி. என் கணக்கைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றே முடிவுகட்டினேன்.

மூன்று நாள் அவரைக் கவனித்தேன். நான் அருகே போனால் கணினித் திரையை மாற்றினார். அத்தியாயம் எப்போது முடியும் என்று இருமுறை விசாரித்தார். அவர் முந்திக்கொண்டு கட்டுரை அனுப்பிவிட்டால் என் பட்டம் அவ்வளவுதான். நான்காம் நாள், மிகுந்த தயக்கத்தோடு, என் தவறு அவர் தாளுக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பதினஞ்சு வருஷமா ரெண்டாவது வரியில மைனஸ் போட்டுப் பழகின கை. சொன்ன பேச்சு கேக்குமா?" என்றார்.

சரியான விடை இருவருக்கு ஒன்றாக வரலாம், தவறு எப்படி வரும் என்று வாதிட்டேன். அக்கா அலமாரியைத் திறந்து, தேதியிட்ட நோட்டு ஒன்றை என்முன் வைத்தார். அதே சமன்பாடுகள், அதே தவறான குறி, என் கணக்குக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. அதற்கு மறுநாள்தான் அவர் பிரசவ விடுப்பில் போனார். அலமாரிச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"சரிம்மா, உன் வாதப்படியே வருவோம். யாரு யாரைப் பார்த்து எழுதினது?"

அந்த நோட்டை நான் தொட்டதே இல்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்?

"அந்தத் தப்பு யாருக்கு வேணும்னாலும் வரும்க்கா," என்றேன்.

"அப்படி வா வழிக்கு."

கட்டுரையை இருவர் பெயரிலும் அனுப்பலாம் என்று அவரே சொன்னார். நன்றியோடு ஒப்புக்கொண்டேன். இப்போது ஒரே மேசையில்தான் வேலை செய்கிறோம். தேநீர் குடிக்கப் போகும்போது மட்டும், அவர் நோட்டை அவரும் என் நோட்டை நானும் கையோடு எடுத்துச் செல்கிறோம்.