முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு சிவப்புப் பை

"கடலுக்குள்ள போன அத்தனை பேரையும் மேல கூட்டிட்டு வந்துட்டியாமே! எதுக்குக்கா? ஒரு பைக்காக!"

"பைக்காக இல்லடா, என் சாயத்துக்காக! எத்தனை தடவை துவைச்சாலும் போகாதுன்னு வாக்குக் குடுத்த சிவப்புடா அது!"

"போதும், இதோட விட்டுடு. நாப்பத்தாறு வயசாகுது உனக்கு. வெளிய சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு."

"வயசு எனக்கு. வெட்கம் மட்டும் உனக்கா?"

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லிசு, என் நாற்காலி அதை ஒட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கலரக்காவுக்குச் சாயக்கடை. துணியை முடிச்சுப் போட்டு முக்கி எடுத்தால் பூவும் வட்டமுமாக விரியும். அவள் கை எந்நேரமும் மணிக்கட்டுவரை ஒரு நிறம். அந்த வாரம் நீலம். கடலடியில் உடைந்த பவளத்துண்டுகளைக் கம்பிச் சட்டத்தில் கட்டி வளர்க்கிற ஒரு தீவுக் குழு, ஈரக் கையால் வேகமாக முடிச்சுப் போடுகிற ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தது. உலகத்தில் அவளுக்கென்றே ஒரு வேலை! ஆனால் சட்டங்கள் இருப்பது இருபத்தைந்து மீட்டரில். காற்றுக் குப்பியோடு முக்குளிக்க அவளிடம் இருந்த முதல் பயிற்சி அட்டை பதினெட்டு மீட்டரோடு சரி. மேல்நிலைப் பயிற்சி அட்டையைத் திங்கட்கிழமைக்குள் காட்டவேண்டும். ஆழத்துக்குப் போகும் பாடம் ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பாடத்தைத்தான் சனிக்கிழமை கெடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கீழே போகப் போகச் சிவப்பு மங்கிக் கருத்துவிடும், தண்ணீர் அந்த நிறத்தைத் தின்றுவிடும் என்று வகுப்பிலேயே முக்குளிப்பு டீச்சர் சொல்லியிருக்கிறாள். இவள் கேட்டாள், நம்பினாள், ஆனால் அதெல்லாம் மற்றவர்கள் போட்ட சாயத்துக்கு என்று நினைத்துக்கொண்டாள்! டீச்சர் இடுப்பில் தொங்கிய பை இவளே முக்கிக் கொடுத்தது. முப்பது மீட்டரில் அது காய்ந்த புளி மாதிரி தெரிந்ததும் இவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கடலுக்கடியில் அதற்கு 'ஏதோ சரியில்லை' என்று அர்த்தம். என்ன என்று டீச்சர் சைகையில் கேட்டால், பையைக் காட்டித் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆழத்தில் சிலருக்குக் கிறுக்குப் பிடிக்குமாம். அதுதான் இது என்று டீச்சர் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டாள். பாடம் கணக்கில் வரவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட் மெக்கானிக் சொன்னார். அவரும் அதே வகுப்பு; நீருக்குள் அவளுக்கு ஜோடி அவர்தான். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதத்துக்கு ஒருமுறை நிற்கும். இவள் நீச்சல் உடுப்போடு ஏறி இறங்க ஆரம்பித்ததிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை நின்றது. லிஃப்டுக்கு என்ன பாசமோ, நமக்கெதற்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசிப் படகு. அவள் சாயக்கடைச் சாவியைத் தம்பி கையில் திணித்தாள்.

"நான் கடையில நிக்கமாட்டேன்க்கா."

"திற. இல்லைன்னா மூடு. நான் போறேன்."

அக்கா போய்விட்டால் கடை தன் தலையில் விழுமே என்பதுதான் அவன் வெட்கத்தின் மறுபெயர் என்று தெருவுக்கே தெரியும்.

துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா என்று நானும் படகில் ஏறிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, அதனால் என்ன?

"பயமா இருக்கா?" என்று மெக்கானிக் கேட்டார். "நான் ஆயுசு பூரா ஆளுங்களை ஏத்தி இறக்கறவன். என்னை நம்பி இறங்கலாம்."

"உங்க லிஃப்ட் பாதியில நிக்கும். இங்க நின்னா என்ன பண்ண?"

"பாதியில நிக்கறதும் பாடத்துல உண்டு. ஏறும்போது அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம்."

தொப் தொப்பென்று டீச்சரோடு சேர்த்து நான்கு பேரும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள். நான் கடிகாரத்தையும் குமிழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பத்து நிமிஷம். பதினைந்து. பாதிப் பொட்டலம் பிஸ்கட் போயிற்று. ஐயோ, திரும்பவும் கையை ஆட்டிவிட்டாளா? இருபதாவது நிமிஷம் பொட்டலமே காலி.

பிறகுதான் கீழே நடந்ததைச் சொன்னார்கள். முப்பது மீட்டரில் டீச்சர் கயிற்றை நீட்டியிருக்கிறாள். கரையில் எல்லோரும் போட்ட அதே ஐந்து முடிச்சுகளை, அங்கே தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி போடவேண்டும். மெக்கானிக் இரண்டாவது முடிச்சில் தன் விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கலரக்காவோ கரையில் எடுத்ததைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டாள்! அதற்கப்புறம் டீச்சர் இடுப்புப் பையின்மேல் டார்ச் அடித்தாள். புளி நிறத்திலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது சிவப்பு.

தண்ணீர் மேல் தலை தெரிந்ததும் வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "போகலடி! அப்படியே இருக்கு! வெளிச்சம்தான் பத்தல, என் சாயம் அப்படியே இருக்கு!" என்று கத்தினாள். நானும் எதற்கென்று தெரியாமலே கத்தினேன். படகோட்டி எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தான்.

"பாஸ்," என்றாள் டீச்சர், மூச்சு வாங்க. "இனிமேல் பையைப் பார்த்து அழாதீங்க."

திங்கட்கிழமை தீவுக் குழுவுக்கு அட்டை போயிற்று, வியாழக்கிழமை பதில் வந்தது, மாதக் கடைசியில் கலரக்கா தீவுக்குக் குடிபோனாள். கடையைத் தம்பிதான் பார்க்கிறான். அவன் கை இப்போது முழங்கைவரை பச்சை. வெட்கமெல்லாம் எங்கே போனதோ. "எங்கக்கா கடலுக்கடியில வேலை பாக்குது" என்று, கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்கிறான்.

ஆறு வாரம் கழித்து மெக்கானிக்கும் அந்தத் தீவுக்கே வேலை கிடைத்துப் போனார். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம். புகைப்படத்தில் மாப்பிள்ளை சட்டை நல்ல சிவப்பு. தீவில் மாடி வைத்த வீடு ஒன்றுகூடக் கிடையாதாம். அங்கே அவர் எந்த லிஃப்டை ரிப்பேர் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் லிஃப்ட் மட்டும், அவர் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை.