திராட்சை விதையும் மாமனார் வயிறும்

கறுப்புத் திராட்சை விதையை அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு கடைசியில் ஆராய்ச்சியாளர் சபோஹத்தின் பேரைக் காப்பாற்றிவிட்டது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது கண்ணாடிக் குழாய்க்குள் அசையவிடாமல் கட்டிப்போட்டது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற சக்தியும் அதில் ஏராளம். சமர்கண்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவள், இரவுச் சாப்பாட்டின்போது மாமனார் முன்னால் அதைச் சொல்லிவைத்தாள்.

மாமனார் ஹைதர்குல் ஒரு காலத்தில் மல்யுத்தப் பயிற்சியாளர். இப்போது சர்க்கரை வியாதிக்காரர்.

"அப்ப விதையத் தின்னா சர்க்கரை ஏறாதுங்கிற?"

"குழாயில நடந்தது மாமா. வயித்துக்குள்ள என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது."

"கண்ணாடிக் குழாயே தாங்கிருச்சு. என் வயிறு என்ன, அதைவிட மட்டமா?"

மறுநாளே சந்தையிலிருந்து ஒரு மூட்டை விதை வந்து இறங்கியது. ஒரு கைப்பிடி மென்றுவிட்டு, கொழுப்பு மிதக்கும் புலாவ் ஒரு தட்டு. மறுபடி ஒரு கைப்பிடி, பிறகு கற்கண்டு போட்ட தேநீர். மாத்திரைகளை அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிட்டார். சபோஹத் கெஞ்சினாள், கணவனை விட்டும் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

கருத்தரங்கில் அவள் தன் ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது அரங்கில் பாதி நாற்காலி காலி. வந்தவர்களிலும் சிலர் தூங்கினார்கள். அதே வாரம் தேநீர்க்கடையில் ஹைதர்குல் அதே ஆய்வை விளக்கியபோது உட்கார இடமில்லை.

"எங்க வீட்டு விஞ்ஞானி கண்டுபிடிச்சதுடா! தைரியமாத் தின்னுங்க!" என்று அல்வாத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

மருத்துவமனையில் அவர் கண்விழித்ததும் டாக்டர் லுத்புல்லா வார்டே அதிரக் கத்தினார்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்ன அறிவாளி யாரு?"

"என் மருமகதான்," என்றார் ஹைதர்குல் பெருமையாக. "இதோ நிக்கிறாளே."

சபோஹத் பதறி முன்னால் வந்தாள். "ஐயோ, நான் சொல்லவே இல்ல டாக்டர்! மனுசங்ககிட்ட இன்னும் சோதிக்கவே இல்ல!"

"பாத்தீங்களா அடக்கத்த?" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னார் மாமனார்.

கட்டுரையைப் படிக்காமல் வைத்தியம் பார்க்கிறவர்களைப் பற்றி டாக்டர் நீளமாகப் பேசினார். கட்டுரையைப் படித்தவர் ஒருவராவது தன் பக்கம் இருக்கிறாரே என்று சபோஹத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மாத்திரையை இனி விடுவதில்லை என்று மாமனாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் டாக்டர் வேகமாகப் பின்னால் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த விதையைப் பச்சையாத் திங்கணுமா, வறுத்தா? எங்கம்மாவுக்குத்தான் கேக்கிறேன்."

"என் கட்டுரைய அனுப்புறேன், படிச்சுப் பாருங்க டாக்டர்."

"அதுக்கெல்லாம் நேரம் ஏதும்மா? பச்சையா, வறுத்தா? அத மட்டும் சொல்லு."