முகம் திருப்பிய நாற்காலிகள்

லிஃப்ட்காரன் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கிருந்த நாற்காலிகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன. முதலில் நாற்காலிகள், பிறகு சுவர்க்கடிகாரம், மழைக்காலம் முடிவதற்குள் டிவியும் மேஜை விசிறியும் கண்ணாடி பீரோவும். சத்தம் பெரிதாக இருக்காது. தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல ஒரு உரசல், அவ்வளவுதான். அவன் வெளியே போனதும் எல்லாம் பழையபடி திரும்பி நிற்கும். விசிறி முதுகு காட்டியதால் அவன் வியர்வையில் நனைந்தபடியே சாப்பிட்டான். மனைவி சீரியல் பார்க்கும் நேரத்தில், "கொஞ்சம் பால்கனில நில்லுங்களேன், முக்கியமான கட்டம்" என்பாள். அவனும் போய் நிற்பான். தெருமுனை டீக்கடைக்காரர் அவனுக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஸ்டூலுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை என்பதால், அது என்ன செய்வதென்று தெரியாமல் ஒருமுறை சுற்றிவிட்டு நின்றுவிடும். லிஃப்டுகள் மட்டும் அவனிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. பழுது பார்க்கப் போன இடங்களில் அவை எப்போதும்போல அவனைப் பார்த்தே கதவைத் திறந்தன. அவனுக்கு மிச்சமிருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு லிஃப்ட் குழிக்குள் விழுந்து அவன் முதுகை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை முதுகை மட்டும் ஆற்றவில்லை. வலி என்றே அவன் அதுவரை அறியாத வேறு பலவற்றையும் சேர்த்து ஆற்றியது. எலும்பு கூடிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. ஒரு டாக்டர் மறுத்தால் இன்னொரு டாக்டர், அவரும் மறுத்தால் டாக்டரே இல்லாத சந்துகள். அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். மாமா ஷிப்டுக்குப் போகும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவனாகவே முன்வந்தான். அவளுடைய வலி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, அதே நிறத்தில் இருந்த சத்து மாத்திரைகளை அந்த பாட்டிலில் போட்டு வைத்தான். அவனே தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "முழுங்குக்கா, சரியாயிடும்" என்றும் சொன்னான். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உள்ளே ஏதோ முற்றிவிட்டது, டாக்டர்கள் மறைக்கிறார்கள் என்று நினைத்து சாவுக்குத் தயாரானாள். கடைசியில் மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எல்லாம் வெளியே வந்தது. அக்கா சத்தம் போடவில்லை. "உனக்கும் வலிக்குதுன்னு சொல்லியிருந்தா பாதியைக் குடுத்திருப்பேனேடா" என்றாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

அவன் சிகிச்சைக்குப் போனான். அரசு கிளினிக்கின் ஜன்னலில் தினமும் காலையில் பேப்பர் கப்பில் சிவப்பு மருந்து தருவார்கள். விழுங்கிவிட்டோம் என்பதற்கு நர்ஸிடம் ஏதாவது ஒரு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். அவன் தினமும் "சரிங்க" என்றான். மருந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. நடுக்கம் நின்றது, சந்துகள் மறந்தன, கம்பெனி திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் காலையில் கட்டில் விளிம்பில் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டியபடி அவன் வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். இன்னொரு சாக்ஸ் கையிலேயே இருக்கும். சோறு மண்போல இருந்தது. செத்துப்போனால் யாருக்கும் பெரிய தொந்தரவு இருக்காது என்ற எண்ணம், கடைக்குப் போய்வர வேண்டும் என்பதுபோல, சாதாரணமாக வந்து போனது. "அதான் மருந்து நல்லா வேலை செய்யுதே, அப்புறம் என்னங்க?" என்று மனைவி கேட்டாள். நாற்காலிகள் திரும்பத் தொடங்கியது அப்போதுதான்.

கிளினிக்கில் இதற்கெல்லாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதே வரிசையில் நிற்கும் பஸ் கண்டக்டரைச் சுற்றி நண்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். அவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து மருந்து வாங்குவார். டாக்டர் இருவரையுமே மாடியில் இருந்த கவுன்சலரிடம் அனுப்பினார். லிஃப்ட்காரன் நுழைந்ததும் கவுன்சலர் உட்கார்ந்திருந்த நாற்காலி அவரோடு சேர்ந்தே சுவரைப் பார்த்துத் திரும்பியது. "பரவால்ல, நீங்களும் இப்படியே உக்காருங்க" என்றார் அவர். சுவரில் ஒரு பிளக் பாயிண்டும் ஈரக்கறையும் தவிர எதுவுமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவதுபோல, முகம் பார்க்காமல் பேசுவது அவனுக்கு எளிதாக இருந்தது.

"மருந்து நல்லா வேலை செய்யுது மேடம். நான்தான் செய்யல."

"மருந்து நடுக்கத்தை நிறுத்தும். எந்திரிக்க மனசே வரலைங்கறது வேற வியாதி. அதையும் தனியா பாக்கணும்."

வாரா வாரம் போனான். எதைப் பற்றிப் பேசினாலும் "நான் மனுஷனே இல்ல மேடம்" என்ற இடத்தில் கொண்டுபோய் முடித்தான். ஒருநாள் கவுன்சலர் பொறுமையாகக் கேட்டார்: "அப்படிச் சொன்னதும் என்ன ஆகுது?" அவன் யோசித்துப் பார்த்தான். "பேச்சு முடிஞ்சுடுது." "ஆமா. அதுக்கு மேல யாரும் உங்களை ஒண்ணும் கேக்க முடியாது. உங்களுக்கு வசதியான வார்த்தை அது." அவனுக்குக் காது சுட்டது. அடுத்த வாரம் அவன் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது அவர் ஏன் வரவில்லை என்று கேட்காமல், மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முதலில் கால்களை அனுப்புங்கள், மனசு மெதுவாகப் பின்னால் வரும் என்றார். அவன் காலை அனுப்பிப் பழகினான். பூங்கா வரைக்கும், பழைய கூட்டாளி வீடு வரைக்கும். சில நாட்களில் மனசு வந்தது. பல நாட்களில் கால் மட்டும் போய்விட்டு வந்தது.

கோடைக்காலத்தில் ஒரு மதியம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அக்காவின் அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கம் பார்க்கும் மெக்கானிக் லீவு. அந்தக் கட்டடத்தின் பெயரைக் கேட்டதும் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாமா என்று பார்த்தான். ஆனாலும் காலை அனுப்பினான். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கைக் கையால் தளர்த்தி, கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைத்தளத்துக்கு இறக்கினான். கீழே வந்து கதவைத் தட்டி, "உள்ள யாருங்க?" என்று கேட்டான்.

"நான்தான்டா" என்றாள் அக்கா.

அந்தக் குரலைக் கேட்டதும் லிஃப்ட் திரும்பிக்கொண்டது. இரும்பு அரைபடும் சத்தத்தோடு கூண்டு முழுவதும் சுழன்று, கதவைப் பின்சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. இதுவரை அவனைக் கைவிடாத கடைசிப் பொருளும், அக்காவை உள்ளே வைத்தபடியே, அவனுக்கு முதுகு காட்டியது. தான் பக்கத்தில் வந்தாலே அவளுக்குக் கேடுதான் என்று அவனுக்குத் தோன்றியது. தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். மற்ற பொருட்கள் என்றால் அவன் போனதும் திரும்பிவிடும். இதுவோ தான் ஏறி இறங்கும் இரும்புத் தண்டுகளில் இறுகிப் போயிருந்தது. வாட்ச்மேன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "அந்தம்மாவால கூரை வழியா ஏற முடியாது, அப்ப பின்சுவரைத்தான் இடிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடப் போனார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "வெளில நின்னு என்ன பண்ற? உள்ள வா. இங்க தனியா இருக்க பயமா இருக்கு."

அவன் முதல் மாடிக் கதவு வழியாக இறங்கி, கூண்டின் கூரைத் திறப்பில் நுழைந்து உள்ளே குதித்தான். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அவன் பக்கத்தில், அவளைப் பார்க்காமல், மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். சுவருக்கு அந்தப்பக்கம் கொத்தனார் உளியை வைத்து அடிக்கத் தொடங்கியிருந்தார். அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

"அழாத" என்றாள் அக்கா. "நீ அழுதா நான்தான் உன்னைத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

நான் மனுஷனே இல்லக்கா என்ற வார்த்தை அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான். "சொல்லுக்கா. கேக்கறேன்" என்றான்.

அவள் சொன்னாள். ராத்திரி முழுக்க வயிறு எப்படி எரிந்தது, கத்தினால் தம்பி பயந்துவிடுவான் என்று எப்படி வாயை மூடிக்கொண்டாள், குளிக்க முடியாமல் கிடந்தபோது மாமாவின் முகத்தைப் பார்க்க எவ்வளவு கூசியது என்றெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "மருந்து போனதுகூட பெருசில்ல. முழுங்குன்னு சொல்லித் தண்ணி குடுத்த பாரு, அந்தக் கை. அதைத்தான் மறக்க முடியல." அவன் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். முகம் தீப்பட்டதுபோல எரிந்தது. எழுந்து கூரை வழியாக ஏறிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தோன்றியது. போகவில்லை. அவள் சொல்லி முடித்தபோது, "ஆமாக்கா. அதை நான்தான் செஞ்சேன்" என்றான். வேறு எதையும் சேர்க்கவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"இல்லக்கா."

"மெலிஞ்சு போயிருக்க" என்றாள் கொஞ்சம் கழித்து.

செங்கல் உடைந்ததும் அவன் கதவைத் தள்ளித் திறந்தான், வெளிச்சம் வந்தது. சுவருக்கு அப்பால் சைக்கிள் கொட்டகை. இருவரும் தலையெல்லாம் சிவப்புத் தூசியோடு, சைக்கிள்களுக்கு நடுவே வெளியே வந்தார்கள். இடித்த சுவரைத் திரும்பக் கட்ட வேண்டாம், அந்த இடத்தில் ஒரு கதவு போட்டுவிடலாம் என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. லிஃப்ட்காரன் பராமரிப்புக்கு வரும் நாட்களில் பின்கதவைப் பயன்படுத்தவும் என்று வாட்ச்மேன் பலகை எழுதி மாட்டினார். சைக்கிள் எடுக்க வசதியாக இருக்கிறது என்று சிலர் அவனை அடிக்கடி வரச் சொன்னார்கள்.

அவன் இப்போதும் தினமும் சிவப்பு மருந்து குடிக்கிறான். கவுன்சலரிடமும் போகிறான். சில காலைகளில் இரண்டு சாக்ஸும் சட்டென்று மாட்டிவிடுகின்றன, சில காலைகளில் இல்லை. பராமரிப்பு முடிந்ததும் அக்கா அவனை வீட்டுக்குக் கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவள் வாசலில் நிற்கும்போது அவனுக்குக் காது சுடும். சுட்டபடியே உள்ளே போவான். முதல் தடவை நாற்காலிகள் வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பியதைக் கவனித்த அக்கா, அடுத்த முறை அவன் வருவதற்குள் அவற்றைத் தெருப்பக்க ஜன்னலின் அருகே இழுத்துப் போட்டு வைத்திருந்தாள். அவன் நுழைந்ததும் நாற்காலிகள் ஜன்னலுக்குத் திரும்பின. இருவரும் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி டீ குடித்தார்கள்.