இரண்டு வரிகள் இல்லாத பாட்டு

சரணத்தின் நடுவில் இரண்டு வரிகளை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள் நூர்பானு. தபேலா ஓரிடத்திலும் கீபோர்டு வேறோரிடத்திலும் தவித்து நிற்க, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபமே கொல்லென்று சிரித்தது.

"ஏம்மா, ரெண்டு ஸ்டாப்புல நிக்காமலே வந்துட்டியே, எக்ஸ்பிரஸ் வண்டியா நீ?" என்று கச்சேரிக்காரர் சோலைச்சாமி மைக்கிலேயே கேலி செய்தார்.

அலுவலகத் தோழியான மணப்பெண் மாரியாத்தாளின் வற்புறுத்தலால்தான் நூர்பானு மேடை ஏறியிருந்தாள். முகம் சிவக்க இறங்கி வந்தாள். வரிகளை அவள் மறந்துவிடவில்லை. முழுப் பாட்டையும் பிற்பாடு வானொலியில் பலமுறை கேட்டவள்தான். ஆயினும் வாய் திறந்தால் அது பழைய தடத்திலேயே போய்விடும்.

அந்தத் தடம் விழுந்தது இராஜபாளையத்தில், எண்பத்து நான்காம் வருடம். அவளுடைய தந்தை ஜமால் முகமது பெட்டிக்கடை வைத்திருந்தார். பல குடித்தனங்கள் சேர்ந்திருந்த அவர்கள் வளவில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பெண் பரிபூரணம், பஞ்சாலைத் தொழிலாளி. அவரிடம் ஒரு டேப் ரிக்கார்டரும், ஒரே ஒரு படத்தின் பாட்டுக் கேசட்டும் இருந்தன.

ஒன்பது வயது நூர்பானு டைபாய்டு காய்ச்சலில் கிடந்தாள். ஷிப்டு முடிந்து, தலைமுடியில் பஞ்சுத் துகளோடு வரும் பரிபூரணம், ரிக்கார்டரைச் சுவரின் காற்றுத் துவாரத்தருகே வைத்துவிட்டு, "ஏட்டி பானு, முழிச்சிருக்கியா?" என்று குரல் கொடுப்பார். பேசத் தெம்பில்லாத சிறுமி டம்ளரால் சுவரைத் தட்டுவாள். உடனே பாட்டு தொடங்கும். இன்றும் முதல் பாட்டைக் கேட்டால் அவளுக்குக் கஞ்சி வாசனை வரும். மூன்றாவது பாட்டு மெதுவானது; அது வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடும் அம்மா ரஹ்மத்துன்னிசாவின் கை அப்படியே நின்றுவிடும். காய்ச்சல் விட்ட அன்று கடைசிக் கும்மாளப் பாட்டுக்கு முதலில் ஆடியவை அவளுடைய கால்விரல்கள்தாம்.

இடையில் ஒருநாள், அவள் இன்று மேடையில் பாடிய அதே பாட்டின் நடுவில் டேப் சிக்கிக் கசங்கிவிட்டது. பரிபூரணம் கசங்கிய துண்டைக் கத்தரித்து, மீதியைச் செல்லோ டேப்பால் ஒட்டினார். "ரெண்டு வரிதானே, போனாப் போவுது. மிச்சம் அம்புட்டும் இருக்குல்லா!" அன்று முதல் வளவே அந்தப் பாட்டைத் தாவித் தாவித்தான் பாடியது.

நூர்பானு தேறிப் பள்ளிக்குப் போன சில வாரங்களில், ஒரு மாலை திரும்பி வந்தபோது பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. பரிபூரணத்தின் லாரி ஓட்டுநர் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, குடும்பம் கிளம்பிவிட்டிருந்தது. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்ற குறை அவளோடு சேர்ந்து வளர்ந்தது. பேருந்து நிலையத்தில் மில் பெண்களின் கூட்டத்தைக் கண்டால் முகம் முகமாகத் தேடுவாள். கண்டால் சொல்வதற்கு அழகான வாக்கியங்களையும் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

இப்போது, சாப்பிடாமலே நழுவிவிடலாமென்று பந்திக்கூடத்தைக் கடந்தபோது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கான்சாபுரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் ஒருவர்; பாதி நரைத்த தலை.

"ஏட்டி, கடைக்காரர் மகதானே நீ? நான் கத்தரிச்ச எடத்துல வேற எவ தாவுவா?"

"பரிபூரணக்கா!"

அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அக்கா... காய்ச்சல்ல கெடந்தப்ப பாட்டுப் போட்டீங்கள்ல. ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன். ரொம்ப நன்றிக்கா."

"நல்லாச் சொன்ன போ!" பரிபூரணம் அவள் கன்னத்தில் லேசாக இடித்தார். "அவிய லாரில போனா வாரக்கணக்குல வர மாட்டாவ. மில்லு விட்டு வந்தா அந்த வீட்டுல எனக்குப் பதில் சொல்ல ஒரு சீவன் கெடையாது. நீ டம்ளரால தட்டுவ பாரு, அதக் கேக்கத்தான் வேகவேகமா நடந்து வருவேன். நீ பள்ளிக்கூடம் போன பொறவு அந்தப் பொட்டியத் தொடவே மனசு வரல. நாந்தாம்ட்டி ஒனக்குச் சொல்லணும்."

அந்தப் பாட்டால் ஆறுதல் பெற்றவள் தான் ஒருத்தியே என்றல்லவா இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தாள்! நூர்பானுவின் கண்கள் நிறைந்தன.

"ஏட்டி, கல்யாண வீட்டுல அழுவாத. பந்தில எடம் இருக்கு, உக்காரு."

இருவரும் அடுத்தடுத்த இலைகளில் அமர்ந்தார்கள்.

"அக்கா, எங்கம்மாவப் பாக்க வீட்டுக்கு வாரியளா?"

"வாரேன், வாரேன். மொதல்ல சோத்தத் தின்னு."