ஒன்பதாவது சொட்டு

பவளம் வளர்க்கும் தொட்டியின் தண்ணீரை ஐந்து மில்லி சிரிஞ்சில் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் விட வேண்டும். அதில் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் சொட்டில் தண்ணீர் நீலமாகும். எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் கே.எச். எண், தண்ணீரின் காரத்தன்மை. எட்டு இருந்தால் நல்லது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள் லிஃப்ட் மெக்கானிக் இதைத் தன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள்.

"எந்த மஞ்சள்?"

"மஞ்சள்னா மஞ்சள்தான்."

"என்கிட்ட பதினாலு மஞ்சள் நூல் இருக்கு. எலுமிச்சையா, கடுகா?"

"எலுமிச்சை. என்னைவிட நீ நல்லா பாப்ப, டெய்லரம்மா."

"உங்க சின்ன வீட்டுக்கு நான் உக்காந்து சோறு ஊட்டணும். என் தலையெழுத்து."

"பதினோரு வருஷமா ஒரே சின்ன வீடு. அதுக்கே நீ எனக்கு மாலை போடணும்."

இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். முதலாவது காலையில் ஒரு மூடி, கே.எச்.சுக்கு. இரண்டாவது மாலையில், எதிர் மூலையில், கால்சியத்துக்கு. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் சுண்ணாம்பாகத் திரிந்துவிடும்.

"கடையில பத்து பாட்டில் அடுக்கி வச்சிருப்பான். நிறம் கூட்டும், வளர்ச்சி கூட்டும்னு. எதையும் தொடாத. இது ரெண்டு போதும். மத்ததெல்லாம் லேபிள்."

"சரி."

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா விட்டது விட்டதுதான். மறுநாள் சேத்து ஊத்திடாத. எதுவும் மெதுவா ஏறணும்."

"சரிங்க. நான் என்ன பச்சப்புள்ளையா?"

தொற்று வந்துவிடும் என்று அவர் இருந்த வார்டுக்குள் யாரையும் விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். நாற்காலி இந்தப் பக்கம் மட்டும். தினமும் மூன்று மணிக்கு அவள் உட்காருவாள். அவர் எண்ணைக் கேட்பார். அவள் சொல்வாள். பிறகு அவள் கேட்பாள். அவர் அன்றைய ரத்த அணு எண்ணிக்கையைச் சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. ஏறினால் நல்லது என்று மட்டும் தெரியும்.

இரண்டாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் வராந்தா பெஞ்சிலேயே கிடந்தாள். நான்காம் நாள் காலை வீட்டுக்கு வந்து சோதித்தாள். ஐந்து.

விட்டுப்போனது மூன்று மூடி. தையலில் மூன்று நாள் வேலை தேங்கினால் ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிப்பதுதான் அவள் பழக்கம். மூன்று மூடியையும் ஊற்றினாள். ஊற்றிய இடத்தில் தண்ணீர் ஒரு கணம் பால்போல் கலங்கித் தெளிந்தது.

மறுநாள் எட்டு. அவரும் வார்டுக்குத் திரும்பியிருந்தார். எட்டு என்று மட்டும் சொன்னாள்.

"ஒரு மூடி ஊத்து" என்றார்.

அடுத்த நாள் ஒன்பது.

"இன்னிக்கு ஊத்தாத."

அதற்கடுத்த நாளும் ஒன்பது. அதற்கு மறுநாளும்.

ஊதாக் கிளைப் பவளத்தின் நுனிகள் வெளுத்திருந்தன. பிளீச்சிங் பவுடர் தெறித்த துணிபோல. கீழ்க்கிளைகளில் தோல் நூல்நூலாகப் பிரிந்து மிதந்தது. இதை அவள் சொல்லவில்லை. எண் சரியாக இருக்கிறது, நிறம் தானாகத் திரும்பிவிடும் என்று நினைத்தாள்.

"உங்க சின்ன வீடு எனக்கு அடங்கிடுச்சு. மூணு நாளா ஒன்பதுலயே நிக்குது" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மஞ்சளைச் சரியா பாத்தியா?"

"எலுமிச்சை. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"ம்." கண்ணாடியில் இருந்த ஒரு கறையை நகத்தால் சுரண்டினார். அது அவள் பக்கத்துக் கறை. "இனிமே தினமும் பாக்க வேணாம். உனக்கும் வேலை கெடுது."

மறுநாள் காலை அவள் மீன்தொட்டிக் கடைக்குப் போனாள். நிறம் கூட்டும் பாட்டிலைக் கேட்டாள். கடைக்காரர் எடுக்கப் போனவர் திரும்பினார்.

"அண்ணன் இதைக் கண்டாலே திட்டுவாரே. என்னாச்சுக்கா?"

போனில் பவளத்தின் படத்தைக் காட்டினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கே.எச். எவ்வளவு?"

"ஒன்பது. நல்லா நிலையா நிக்குது."

"நீங்க ஊத்துறதாலயா?"

"ஊத்துறதே இல்ல."

பாட்டிலை அலமாரியில் திருப்பி வைத்தார்.

"பாட்டில் வித்துத்தான்கா நான் சோறு திங்கிறேன். இதை உங்களுக்கு விக்க மாட்டேன்."

"ஏன்?"

"பவளம் உசுரோட இருந்தா நீங்க ஊத்துறதைத் திங்கும். தின்னா நம்பர் இறங்கும். நாமளும் ஊத்தாம, அதுவும் இறங்காம நின்னா, உள்ள திங்க ஆளில்லைன்னு அர்த்தம்."



"தினமும் அவர்கிட்ட சொன்னேனே."

"ஒன்பதுன்னா?"

"ஒன்பதுன்னுதான்."

"அப்ப அவருக்குத் தெரியும்கா."

மூன்று மணிக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வராந்தாவில் நிறுத்தினார்.

"நாலு நாளா எண்ணிக்கை அப்படியே நிக்குதும்மா."

முந்தைய நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"கொடுத்துட்டிருந்த மருந்தை நிறுத்திட்டோம். இனிமே வலி இல்லாம பாத்துக்கலாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"நேத்து காலையிலயே சொல்லிட்டோம். உங்ககிட்ட தானே சொல்லிக்கிறேன்னு சொன்னார். இன்னும் சொல்லலையா?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள்.

"பாக்க வேணாம்னேனே. பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு?"

"எட்டு. இறங்கிடுச்சு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"அப்ப திங்குது."

"திங்குது."

"ஒரு மூடி ஊத்து."

"சரிங்க. உங்களுக்கு எவ்வளவு?"

"கொஞ்சம் ஏறியிருக்கு."

"எவ்வளவு?"

"ஏறியிருக்கு, டெய்லரம்மா. எவ்வளவா இருந்தா என்ன?"

"நல்லது" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மூடி ஊற்றினாள். ஊற்றுகிறேன் என்று சொல்லியிருந்தாள். பிறகு மெஷின் முன் உட்கார்ந்து, அளவுச் சீட்டு ஒன்றின் பின்புறம் ஏழு எண்களை எழுதினாள். ஏழு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு, ஏழு, எட்டு. ஏழும் எட்டும் மாறி மாறியே வந்தால் கண்டுபிடித்துவிடுவார். ஒரு எட்டைச் சேர்த்துப் போட்டது அதற்காகத்தான்.

தினமும் ஒன்றைச் சொன்னாள். தினமும் ஒரு மூடி என்றார். அவருக்கும் தினமும் கொஞ்சம் ஏறியது. மூன்றாம் நாள் போனைப் பிடிக்க அவருக்குக் கை நிற்கவில்லை. நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

சோதிப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

நான்காம் நாள் காலை ஐந்து மில்லி எடுத்தாள். முதல் சொட்டில் நீலம். குலுக்கினாள். சீட்டில் அன்றைய எண் எட்டு. எட்டாவது சொட்டிலும் நீலம். ஒன்பதிலும் நீலம். பதினொன்றாவது சொட்டு விழும்போது போன் அடித்தது. அந்த நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை.

பன்னிரண்டு.

பதிமூன்றாவது சொட்டில் மஞ்சளானது. குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எலுமிச்சை. குப்பியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் போனை எடுத்தாள்.