படி இறங்கும்போது யாரும் கூப்பிடவில்லை

1

இந்தக் கதை ஒரு வாஷ்பேசினில் பிறந்தது. தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். பல் தேய்த்துத் துப்பிய நுரை ரோஜா நிறத்தில் இருந்தது.

(பொய். ரத்தம். துணிக்கடைக் குடும்பத்தில் வளர்ந்தவன் எந்தக் கறையையும் நல்ல கலராகச் சொல்லி விற்றுவிடுவான்.)

2

கதாநாயகன், அவளுடைய அண்ணன். யார் சொன்னாலும், முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்காதவன். இவனை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம்.

பல் டாக்டர் தங்கையின் ஈறைப் பார்த்துவிட்டு, அவளை வாய் கொப்பளிக்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

"மாசமா இருக்கறப்ப ஈறு வீங்குறது சகஜம்தான். இது முத்திப்போயிருக்கு. இந்த வாரமே சுத்தம் பண்ணிடலாம், பயமில்லை. ரத்தம் வந்தாலும் தேய்க்கிறத நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுங்க."

"பிரசவம் முடியட்டுமே டாக்டர்."

"தள்ளிப் போடாதீங்க."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். எட்டாம் மாசம்?"

"இது துணிக்கடை இல்லைங்க."

அண்ணன் எழுந்தான். எங்கள் தொழிலில், எழுந்து படி இறங்குகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். அதுதான் முறை. மூன்று படிகள். டாக்டர் கூப்பிட்

(இந்த வாக்கியத்தை இதுவரை முடித்ததில்லை.)

பின்னால் வந்த தங்கையிடம், "அப்புறம் பாத்துக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றான்.

"அப்பாடா. அந்த மெஷின் சத்தமே எனக்கு ஆகாது."

தேய்ப்பதை நிறுத்தக் கூடாது என்றதைச் சொல்ல மறந்தான். பேரத்தில் இருப்பவனுக்கு விலை தவிர எதுவும் காதில் விழாது.

3

ஏழாம் மாதமே குழந்தை பிறந்தது. இரண்டு நாள் இருந்தது.

முதல் முடிவு: பிழைத்துக்கொண்டது. (அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: "ஈறுதான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார் பிரசவம் பார்த்த டாக்டர். "இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் பாதியோடு நிறுத்தி ஒரு பிரதி எழுதினேன். நன்றாகவே வந்தது.

4

தங்கை இப்போது ஒரு நாளில் நான்கு முறை பல் தேய்க்கிறாள்.

"ரத்தம் வருதேன்னு தேய்க்காம விட்டுட்டேன். என்னாலதானே அண்ணா?"

"இல்லம்மா."

பிறகு யாரால் என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று என்னிடமே பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். இந்தத் தாள்கள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. உள்ளே அவள் கொப்பளிக்கும் சத்தம் இன்னும் நிற்கவில்லை. நின்றதும் வெளியே வருவாள். நான் எழுந்துவிட்டேன். இந்த வீட்டு வாசலுக்கும் மூன்று படிகள்.

மெதுவாகத்தான் இறங்குகிறேன். வாசகரே, நீங்களாவது கூப்பிடுங்கள்.